பாலை வழியில் ஒரு பகல்

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த தமிழ் மரபு, அவற்றுள் நான்கிற்கே தனி நிலம் வகுத்தது. குறிஞ்சிக்கு மலையும், முல்லைக்குக் காடும், மருதத்துக்கு வயலும், நெய்தலுக்குக் கடற்கரையும் உரியவாயின. பாலைக்கு மட்டும் நிலம் குறிக்கப்படவில்லை. வளமுடையதாய் இருந்த காடும் மலையும் வெம்மையால் தம் இயல்பை இழக்கும்போது பாலை என்னும் பெயர் பெறுகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். எந்த நிலமும் பாலையாகலாம். பாலையான நிலம் மீளவும் தன் பழைய பெயரைப் பெறலாம். இக்கருத்தின் ஆழத்தை நூலறையில் இருந்து உணர்வது கடினம். அதனை உணர்வதற்கெனத் திட்டமிடாமலே ஒரு மாணவர் குழு அண்மையில் ஆடி மாதத்து ஒரு பகலைத் திரியாயிற் கழித்தது.

அக்குழுவினரின் பாடத்தில் மத்திய ஆசியாவின் பாலைவன வணிகப் பாதைகள் இடம்பெற்றிருந்தன. தக்கிளமக்கான் பாலையின் ஓரமாகச் சென்ற சாத்துகளைப் பற்றியும், பால்க் நகரத்துச் சந்தைகளைப் பற்றியும் அவர்கள் ஒரு தவணை முழுவதும் படித்திருந்தனர். இலங்கை மாணவர் எவருக்கும் அப்பாலைகளை நேரிற் காண்பது எளிதன்று. ஆயினும், பாடத்தை நடத்திய விரிவுரையாளர், அப்பாதையின் ஒரு முனை திருகோணமலை மாவட்டத்திலேயே ஒரு பாறையில் எழுதப்பட்டிருக்கிறது என்றும், அதனைக் காணப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போதும் என்றும் கூறினார். மாணவர் பலர் அதனைச் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும் உபாயம் என்றே எண்ணினர். எனினும் குறித்த நாளில் எவரும் பின்தங்கவில்லை. ஏறியவுடன் ஒவ்வொருவர் கையிலும் நான்கு பக்கங் கொண்ட ஒரு வழிகாட்டிக் குறிப்பு கொடுக்கப்பட்டது. அந்நாளின் முடிவில் அக்குறிப்பே பெரும் வினாவாக மாறும் என்று அப்போது எவரும் எண்ணியிருக்கவில்லை.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே கடலோரமாகச் செல்லும் புல்மோட்டை வீதி உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து செல்கிறது. வலப்புறம் கடலும் இடப்புறம் களப்புகளும் மாறி மாறித் தோன்றும். களப்பின் வாய்களை முன்னர் ‘பாதை’ என்று இப்பகுதியார் அழைக்கும் மிதவைகளிலேயே கடக்க வேண்டியிருந்தது. இன்று பாலங்கள் உள்ளன. 2004 மார்கழியில் இக்கரையை ஆழிப்பேரலை தாக்கிற்று. அதற்கு முன்னரும் பின்னரும் போரின் அலைகள் தாக்கின. பாதி எழும்பிய சுவர்களையும் புதிதாய்ப் பூசப்பட்ட வீடுகளையும் அடுத்தடுத்துக் காண்பவர், எது எந்த அலையின் எச்சம் என்று பிரித்தறிதல் அரிது.

ஆடியில் இங்கே வீசுவது கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தைச் சொரிந்துவிட்டு, கீழ்க்கரைக்கு வெறும் வெம்மையையே கொண்டு வருகிறது. புல் கருகும், குளங்களின் கரையோரச் சேறு வெடிக்கும். ஐப்பசிக்குப் பின்னர் வாடைக்காற்று மழையைக் கொணரும்வரை நிலம் காத்திருக்கும். இதனை உலர் வலயம் என்று புவியியலார் வழங்குவர். பாலைவனம் என்று எவரும் கூறார். ஆண்டு மழையை அளந்து பார்த்தால் அக்கூற்று சரியே. மழை பெய்வது மூன்று நான்கு மாதங்களில். உண்பது ஆண்டு முழுவதும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பத்தான் முன்னோர் குளம் கட்டினர். குளத்தையும் அதனைப் பேணும் மனிதரையும் நீக்கிவிட்டால் இந்நிலம் எவ்வளவு விரைவில் தன் பெயரை மாற்றிக்கொள்ளும் என்பதற்குத் தனிச் சான்று தேவையில்லை.

குச்சவெளியிற் பேருந்து சிறிது நேரம் நின்றது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறையொன்றில் வடமொழிச் சாசனமொன்று பொறிக்கப்பட்டுள்ளது. தான் செய்த புண்ணியத்தின் பயனாக உலகத்துயிர்களின் துயர் தீர்க்கும் புத்தராகப் பிறத்தல் வேண்டும் என்று யாரோ ஒருவர் செய்த வேண்டுதல் அது. அலையோசைக்கிடையே அதனைப் பொருள் விளக்கிய விரிவுரையாளர், இது மகாயான பௌத்தத்தின் குரல் என்றும், திரியாயிலும் இதே குரலைக் கேட்கலாம் என்றும் கூறினார்.

திரியாய் மலையைத் தமிழர் கந்தசாமி மலை என்பர். அதன் உச்சியிலுள்ள தூபியைச் சிங்களவர் கிரிஹண்டு சேய என்பர். பாறைச் சாசனம் அதற்கு இட்ட பெயர் கிரிகண்டி சைத்தியம். மரநிழலிற் கற்படிகளில் ஏறி உச்சியை அடைந்தால், சிறிய தூபி ஒன்றும் அதனைச் சூழ வட்டம் வட்டமாகக் கற்றூண்களும் காட்சிதரும். தூபிக்குக் கூரையிட்ட இவ்வகைக் கட்டடத்தை வட்டதாகே என்பர். அநுராதபுரத்துத் தூபாராமம், மெதிரிகிரிய, பொலன்னறுவை ஆகிய இடங்களிலும் இதனைக் காணலாம். கூரை எப்போதோ அழிந்துவிட்டது. தூண்கள் மட்டும், கூட்டம் கலைந்த பின்னும் எழுந்து செல்ல மனமின்றி நிற்பவர்களைப்போல நிற்கின்றன.

மாணவர் தேடி வந்த பாறையும் இம்மலையிலேயே உள்ளது. அதிலுள்ள சாசனத்தின் மொழி வடமொழி. எழுத்து பல்லவ கிரந்தம். எழுத்தமைதியால் அது கி.பி. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டினது என்பர். அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிரியையும் போற்றும் அச்சாசனம், இச்சைத்தியத்தை அமைத்தோராகத் திரபூசகர், வல்லிககர் என்னும் பெயர்களுடைய வணிகக் குழுக்களைக் குறிப்பிடுகின்றது. பரணவிதான முதலிய அறிஞர் இதனைப் படித்து வெளியிட்டுள்ளனர்.

அப்பெயர்களே மாணவரைப் பாலைவனத்துக்கு அழைத்துச் சென்றன. புத்தர் ஞானம் பெற்ற பின்னர் அவருக்கு முதன்முதலில் உணவளித்த இல்லறத்தார் தபுஸ்ஸ, பல்லிக என்னும் இரு வணிகர் என்பது பௌத்த மரபு. பாளி நூல்கள் அவர்களை உக்கல நாட்டினர் என்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் பாலைவனங்களைக் கடந்து இந்தியா வந்த சீன யாத்திரிகர் சுவான்சாங், பால்க் நகருக்கு அருகே அவ்விருவரின் பெயரால் வழங்கிய இரு ஊர்களையும் அங்கிருந்த தூபிகளையும் குறித்துள்ளார். பால்க் இன்று ஆப்கானித்தானத்தில் உள்ளது. சாத்துகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் கடந்து சென்ற வறள்நிலத்தின் வாயில் அது. பர்மிய மரபோ அவர்களைத் தம் நாட்டினராகவே கொண்டு, அவர்கள் கொண்டுவந்த கேச தாதுவின்மேல் எழுந்ததே இரங்கூன் சுவேதகோன் தூபி என்கிறது. இலங்கையிலோ, பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிங்கள நூலான பூஜாவலிய, அவர்கள் இத்தீவுக்கு வந்து கிரிஹண்டுவில் தூபி எழுப்பினர் என்று கூறுகின்றது. இரண்டே இரண்டு வணிகர். அவர்களைத் தம்மவர் என்று கொண்டாடும் நாடுகளோ பல. அவர்கள் மெய்யாகவே எங்கெங்கு சென்றனர் என்பது வரலாற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் வணிகக் குழுவொன்று கடல் கடந்து வந்து இறங்கிய கரையில் அவ்விருவரின் பெயரைத் தன் பெயராகப் பொறித்து வைத்தது என்பது, பாலைவனத்துச் சாத்துவழியும் வங்கக்கடலின் கலவழியும் ஒரே நம்பிக்கையால் இணைந்திருந்தன என்பதற்குச் சான்றாகும்.

இவ்விளக்கம் முடியுமுன்னரே மாணவரிடையே விவாதம் மூண்டது. எழுத்து பல்லவருடையது, ஆகவே கட்டியவர் தமிழகத்து வணிகரே என்றார் ஒருவர். தூபி பௌத்தருடையது, ஆகவே இதில் நமக்குப் பங்கில்லை என்றார் மற்றொருவர். விரிவுரையாளர் இருவரையும் மறுத்தார். போர்ணியோத் தீவின் கூத்தாய் என்னுமிடத்திற் கிடைத்த வடமொழிச் சாசனங்களும் பழைய பல்லவ எழுத்திலேயே உள்ளன. எழுத்து கடல் கடந்து செல்லும். அது சென்ற இடமெல்லாம் அதனைப் பிறப்பித்தோருக்கு உடைமையாகாது. மறுபுறம், பௌத்தம் என்றதும் தமிழர் விலகி நிற்கவும் காரணமில்லை. மணிமேகலையை ஈன்ற மொழி தமிழ். இதே மாவட்டத்திலுள்ள வெல்கம் விகாரை முதலாம் இராசராசன் பெயரால் இராசராசப் பெரும்பள்ளி என்று வழங்கிற்று. அங்குத் தமிழர் விளக்கும் பசுவும் தானஞ் செய்த செய்தியைத் தமிழ்ச் சாசனங்களே கூறுகின்றன. பேராசிரியர்கள் கா. இந்திரபாலாவும் சி. பத்மநாதனும் இத்தகைய சாசனங்களை ஆராய்ந்து எழுதியுள்ளனர். மொழியால் வடமொழி, எழுத்தாற் பல்லவம், சமயத்தால் மகாயானம், தொழிலால் வணிகம், மண்ணால் ஈழம் என்று ஐந்து அடையாளங்களைத் தாங்கிய ஒரு பாறையை எவராயினும் தனக்கு மட்டும் உரியது என்று கூறின், ஏனைய நான்கையும் அழித்துவிட்டே அதனைக் கூற வேண்டும்.

மாணவர் இதனை ஏற்றனர். விவாதம் அங்கே முடிந்திருக்கும். அப்போது, காலை முதல் எதுவும் பேசாதிருந்த ஒரு மாணவி எழுந்து, குறிப்பின் நான்காம் பக்கத்துக்குப் பிறகு ஏதேனும் உண்டா என்று கேட்டார். விரிவுரையாளர் புரியாமல் நோக்கினார். குறிப்பு எட்டாம் நூற்றாண்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப்பின் இங்கு எவரும் வாழவில்லையா என்றார் மாணவி. மலையுச்சியிலிருந்து கீழே நோக்கினால் வயல்களும், அவற்றுக்கு அப்பால் ஊரும், ஊருக்கு அப்பாற் கடலும் தெரிகின்றன. நான்கு பக்கங்களில் அவற்றுக்கு ஒரு வரியும் இல்லை. கேட்டவரின் தாய் அவ்வூரிலே பிறந்தவர் என்பது அப்போதுதான் உடன்படித்தோருக்குத் தெரிய வந்தது.

1985 இல் திரியாயில் வீடுகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் பலியாயின, எஞ்சியோர் ஊரை விட்டு அகன்றனர். வயல்கள் காடேறின, குளங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2002 இல் ஏற்பட்ட போர்நிறுத்தத்துக்குப் பின்னரே மக்கள் சிறுகச் சிறுகத் திரும்பலாயினர். போர் 2009 இல் முடிந்தது; ஆனால் நிலம் பற்றிய கவலை முடியவில்லை. கிழக்கு மாகாணத்துத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென 2020 ஜூன் மாதத்தில் சனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டபோது, அதன் உறுப்பினருள் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ இடம்பெறவில்லை. தொல்லியற் பரப்பு எங்கே முடிகிறது, உழவனின் வயல் எங்கே தொடங்குகிறது என்னும் வினா மலையடியில் வாழ்வோருக்கு ஏட்டுவினாவன்று; அடுத்த போகத்தில் விதைப்பதா, விடுவதா என்னும் வினா. பழமையைப் பேணுதல் கடமையே. ஆனால் பழமையைப் பேணுவது அதனருகே வாழ்வோரை மறப்பதற்கு ஏதுவாகுமாயின், பேணப்படும் பழமையும் ஊமையாகிவிடும்.

விரிவுரையாளர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், குறிப்பை எழுதியவன் நானே, குறையும் என்னதே என்றார். நிகழ்ச்சிநிரலில் அடுத்ததாகக் குறிக்கப்பட்டிருந்த கடற்கரைக் குளிப்பு கைவிடப்பட்டது. குழு வயற்பக்கமாக இறங்கிற்று.

சிறுபோக நெல் குளத்து நீரை நம்பிக் கதிர் தள்ளியிருந்தது. கிளி கலைப்பதற்காக வரம்பில் அமர்ந்திருந்த முதியவரொருவர், இத்தனை பேரைக் கண்டு முதலில் ஐயுற்றார். நிலம் அளக்க வந்தவர்களோ என்று நினைத்ததாகப் பின்னர் கூறினார். மாணவி முன்சென்று, அப்பு, நாங்கள் கம்பஸ் பிள்ளைகள் என்றதும் அவர் முகம் தெளிந்தது.

“நீ ஆற்றை பிள்ளை, மகள்?” என்றார்.

மாணவி தம் தாயின் தந்தையின் பெயரைச் சொன்னார். முதியவர் அப்பெயரை இருமுறை தமக்குள்ளே சொல்லிப் பார்த்தார். வயலுக்கு அப்பால், பற்றைகள் அடர்ந்து கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, அந்தக் கரையில் மூன்று கிணறுகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று அவருடையது என்றார். எது என்று கேட்டபோது அவராற் சொல்ல இயலவில்லை. வேலியில்லாத இடத்தில் எல்லை நினைவும் அழிந்துவிடுகிறது. தாய் மகளுக்குச் சொல்லியிருந்த அடையாளம், கிணற்றுக்கு இருபுறமும் நின்ற இரட்டைப் பனை. பனை எதுவும் அங்கில்லை.

போர்நிறுத்தத்தின்போது முதன்முதலில் ஊர் திரும்பியவர்கள் எவ்வாறு தத்தம் காணியைக் கண்டறிந்தனர் என்று மாணவரொருவர் வினவினார். முதியவர் சொன்ன விடை சுருக்கமானது.

“வீடு எரிஞ்சுது, மரம் பட்டுது. கிணறு எங்கையும் போகேல்லை, தம்பி.”

மலையுச்சியில் அன்று காலை சொல்லப்பட்ட ஒரு செய்தி அப்போது பலர் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் ஈராண்டு தங்கிய சீனத்துறவி பாகியான், தாம் கடந்த பாலைவனத்தைப் பற்றி எழுதியுள்ளார். அங்கே பறவையுமில்லை, விலங்குமில்லை; இறந்துபோன வழிப்போக்கரின் எலும்புகளைக் கண்டே திசையறிந்து நடக்க வேண்டியிருந்தது என்கிறார். அதே பாகியான் அநுராதபுரத்து அபயகிரியில், வணிகரொருவர் காணிக்கையாக இட்டிருந்த சீன நாட்டு வெண்பட்டு விசிறியைக் கண்டு கண்ணீர் உகுத்தார். பாலையில் அழாதவரை ஊரின் ஒரு சிறு பொருள் அழவைத்தது. நிலைபெற்ற ஊரில் வழிகாட்டுவது பெயர்ப்பலகை. மனிதர் அகன்ற நிலத்தில் வழிகாட்டுவது எச்சம். எச்சங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளாதவனுக்குக் கல்விச் சுற்றுலா வெறும் சுற்றுலாவே.

மாணவி மூன்று கிணறுகளையும் எட்டிப் பார்த்தார். முதலாவது தூர்ந்துபோயிருந்தது. இரண்டாவதைக் கொடிகள் மூடியிருந்தன. மூன்றாவதிலே, ஆடிமாதத்து வெயிலிலும், ஆழத்தில் ஒரு வட்டம் வானம் தெரிந்தது. மூன்றையும் கைத்தொலைபேசியிற் படமெடுத்துத் தாய்க்கு அனுப்பினார்.

புறப்படும்போது முதியவர் ஒரு சிறு ஓலைப்பெட்டி நிறையப் பழம் கொடுத்தார். மஞ்சள் நிறத்தில், விரல்நுனியளவாய், பாலும் இனிப்பும் ஒருங்கே கொண்ட பழங்கள் அவை. பெயர் கேட்ட நகரத்து மாணவருக்கு, பாலைப்பழம் என்று விடை வந்தது. உலர் வலயக் காடுகளில் ஓங்கி வளரும் இப்பாலை மரமும் பாலைத் திணைக்குப் பெயரீந்த மரமும் ஒன்றல்ல என்று விரிவுரையாளர் விளக்கத் தொடங்கினார். கச்சான் வீசும் காலத்திலேயே அது பழுக்கும் என்று முதியவர் இடைமறித்தார். மழையைத் தராத காற்றுக்கும் ஒரு பழம் உண்டு என்பதை மாணவர் எவரும் தம் குறிப்பேட்டில் எழுதவில்லை. இரு கைகளும் பழத்தால் நிறைந்திருந்தன.

திரும்பும் வழியில், குச்சவெளி தாண்டிய பின்னர், மாணவியின் தொலைபேசியில் தாயின் மறுமொழி வந்தது. அவர் எக்கிணறு தம்முடையது என்று கூறவில்லை. “தண்ணி கிடக்கோ?” என்று மட்டும் கேட்டிருந்தார். கிடக்கு அம்மா, ஒன்றிலே கிடக்கு என்று மகள் எழுதினார்.

வழிகாட்டிக் குறிப்புக்கு இப்போது ஐந்தாம் பக்கம் ஒன்று உண்டு. விரிவுரையாளர் வேண்டியதற்கிணங்க அதனை அம்மாணவியே எழுதினார். திரபூசகர், வல்லிககர் பெயர்களுக்குப் பின், குளம், போகம், 1985, 2002 ஆகியன அதில் வரிசையாக வருகின்றன. இறுதியில் மூன்று கிணறுகளும், மலையடியிலிருந்து அவற்றுக்குச் செல்லும் வழியும் குறிக்கப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டு செல்லும் குழு முதலில் மலையேறுமா, கிணற்றடிக்குப் போகுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துத் திரும்புதல் இயலாது என்பது முடிவாகிவிட்டது.